இல்லத்துப் பிள்ளைகளுக்கு நன்றிப் பயிற்சி: நோட்டா, கடிதமா, வட்டமா?

காப்பகத்தில் வளரும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நன்றியுணர்வுப் பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம் என்று பல இல்லங்கள் யோசிக்கின்றன. செலவு குறைவு, ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும், மனசுக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தொடங்கும்போதுதான் கேள்விகள் வரிசையாக வரும். தினமும் எழுத வைப்பதா, வாரம் ஒரு முறையா? கடிதம் எழுதச் சொல்வதா? மாலையில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வதா? சுவரில் ஒட்டலாமா, ஜாடியில் போடலாமா?

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் மூன்று வகுப்புகள். பிறகு வாரம் ஒரு நாள், வேறு யாரும் படிக்காத நோட்டு, எட்டு வாரம். கடிதம் அதற்கும் பிறகு, விரும்புகிறவர்களுக்கு மட்டும். வட்டமாக உட்கார்ந்து சொல்வதைப் பெரும்பாலான இல்லங்கள் தவிர்ப்பதே நல்லது. இந்த வரிசை பள்ளிகளுக்குச் சொல்லப்படும் வரிசை அல்ல. இல்லம் என்ற இடத்தின் இயல்பால் வந்த வரிசை.

நன்றி வேறு, நன்றிக்கடன் வேறு

நன்றி என்ற சொல்லின் பழைய பொருள் நன்மை. நன்றியறிதல் என்றால் தனக்கு வந்த நன்மையை அறிந்துகொள்வது, அவ்வளவுதான். நன்றிக்கடன் அப்படியல்ல, அது திருப்பிக் கட்ட வேண்டியது. குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு இந்த இரண்டும் கொஞ்சம் கலந்திருந்தாலும் பெரிய கேடு வந்துவிடாது. இல்லத்துப் பிள்ளைக்கு இவை கலந்தால் பயிற்சியே பாரமாகிவிடும். சாப்பாடு, சட்டை, புத்தகப் பை எல்லாமே யாரோ கொடுத்தது என்று அந்தப் பிள்ளைக்கு நாள்தோறும் நினைவூட்டப்படுகிறது. விருந்தினர் வந்தால் வரிசையாக நின்று நன்றி சொல்லிப் பழகியிருக்கிறது. ஒரு தப்பு நடந்தால் "இவ்வளவு செய்தும் நன்றி கெட்டதனம்" என்ற வசவு தயாராக இருக்கிறது. இப்படி வளர்ந்த பிள்ளையிடம் போய் "நீ நன்றியோடு இருக்க வேண்டிய ஐந்து விஷயங்களை எழுது" என்றால், அதன் காதில் விழுவது "நீ பட்ட கடனைப் பட்டியல் போடு" என்பதுதான்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. உளவியலாளர் பிலிப் வாட்கின்ஸும் உடனிருந்தவர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரண்டு உணர்வுகளையும் பிரித்தே காட்டினார்கள். உதவி செய்தவர் கைம்மாறு எதிர்பார்க்கிறார் என்பது கூடக்கூட, பெற்றவரின் கடன்பட்ட உணர்வு ஏறியது, நன்றியுணர்வு இறங்கியது. எதிர்பார்ப்பை வெளிப்படையாகக் காட்டும் இல்லத்தில் எந்தப் பயிற்சியை வைத்தாலும் அது கடன் உணர்வைத்தான் வளர்க்கும்.

அதனால் பயிற்சிக்கு முன் பொறுப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும். உணவு, இருப்பிடம், உடை, படிப்பு, மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றை நன்றிக்குரிய உதாரணங்களாகப் பெரியவர் யாரும் சொல்லக்கூடாது. அவை உரிமைகள். 1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, குடும்பச் சூழலை இழந்த குழந்தைக்கு அரசின் சிறப்புப் பாதுகாப்பும் உதவியும் பெற உரிமை உண்டு என்கிறது. பிள்ளை தானாக "இன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது" என்று எழுதினால் எழுதட்டும், அதில் தவறே இல்லை. நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

நன்றிப் பயிற்சி பற்றிய ஆய்வுகளின் தொடக்கப் புள்ளி 2003-இல் வந்த ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ ஆய்வு. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு நன்றிக்குரியவற்றையும், ஒரு குழு எரிச்சலூட்டியவற்றையும், ஒரு குழு சாதாரண நிகழ்வுகளையும் வாரம் ஒரு முறை வீதம் 10 வாரம் எழுதியது. நன்றிக்குரியதை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக நினைத்தார்கள். 2008-இல் ஜெஃப்ரி ஃப்ரோவும் உடனிருந்தவர்களும் இதையே 11 வகுப்பறைகளில் 221 மாணவர்களிடம், இரண்டு வாரம் தினமும் எழுதவைத்துப் பார்த்தார்கள். அங்கும் பலன் தெரிந்தது. குறிப்பாகப் பள்ளி மீதான திருப்தி, மூன்று வாரம் கழித்துக் கேட்டபோதும் உயர்ந்தே இருந்தது. ஆனால் தொல்லைகளை எழுதிய குழுவோடு ஒப்பிடும்போது தெரிகிற வித்தியாசம், எந்தப் பயிற்சியும் செய்யாத குழுவோடு ஒப்பிடும்போது சுருங்கிவிடுகிறது. பயிற்சியின் பலன் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, தொல்லைகளையே நினைத்துக்கொண்டிருந்தவர்களின் வாட்டம் என்று அர்த்தம்.

டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவன்ஸ் இருவரும் 27 ஆய்வுகளை, 3,675 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2021-இல் வெளியிட்ட அலசல் இன்னும் நேராகச் சொல்கிறது. மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறியது. அவற்றுக்குச் சிகிச்சையாக இதை நம்பக்கூடாது. வலுவான ஆய்வுகளில் பெரும்பாலானவை மாலையில் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்களிடம் செய்யப்பட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, கையில் இருப்பது ஒரு சின்னக் கருவி. சின்னக் கருவியைப் பெரிய காயத்தில் அழுத்தக்கூடாது. சரியான இடத்தில் மெதுவாகப் பயன்படுத்தினால் அதற்குரிய வேலையைச் செய்யும்.

முதலில் வகுப்புகள்

பலரும் தாண்டிப் போய்விடுகிற படி இது. எழுதச் சொல்வதற்கு முன், ஒரு உதவியை எப்படி எடைபோடுவது என்று பிள்ளைகளோடு பேச வேண்டும். ஃப்ரோ குழு 2014-இல் 8 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு இதைப் பாடமாகவே நடத்தியது. உதவியவரின் நோக்கம் என்ன, அவர் எதை விட்டுக்கொடுத்தார், பெற்றவருக்கு என்ன பயன் என்று மூன்று கேள்விகள். வாரம் ஒரு பாடமாக ஐந்து வாரம் படித்த குழந்தைகளிடம் ஐந்து மாதம் கழித்தும் மாற்றம் தெரிந்தது. பதின்ம வயதினருக்கு இதை மூன்று வகுப்பாகச் சுருக்கலாம், ஒவ்வொன்றும் 40 நிமிடம், வகுப்புக்கு 10 முதல் 12 பேர்.

முதல் வகுப்பு நோக்கம். ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பென்சில் கடன் கொடுக்கிறவர், யாரும் பார்க்காதபோது கொடுக்கிறவர் என்று இரண்டு காட்சிகளை முன்வைத்துப் பேசவிடுங்கள். இல்லத்துப் பிள்ளைகள் இதில் கூர்மையானவர்கள். வருகிற விருந்தினர்களில் போட்டோவுக்காக வந்தவர் யார், உண்மையிலேயே பேச வந்தவர் யார் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அப்படி யாராவது சொன்னால் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று அடக்காதீர்கள். அந்தக் கூர்மையில்தான் இந்த வகுப்பே நிற்கிறது.

இரண்டாம் வகுப்பு விட்டுக்கொடுத்தது. நேரம், தூக்கம், விளையாட்டு, மற்றவர்கள் முன் கௌரவம் என்று பணம் தவிர ஒருவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க முடியும் என்று பட்டியல் போடவையுங்கள். கொடை என்றாலே பணமும் பொருளும்தான் என்று பழகிய பிள்ளைக்கு, தானும் கொடுக்கிறவர்தான் என்பது இங்கேதான் முதலில் உறைக்கும்.

மூன்றாம் வகுப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உரிமைக்கும் அன்பளிப்புக்கும் உள்ள வேறுபாடு, அதோடு உதவியைத் தூண்டிலாகப் போடுகிறவர்களைப் பற்றிய பேச்சு. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுகிறவர்கள் பெரும்பாலும் பரிசிலும் தனிக் கவனிப்பிலும்தான் தொடங்குகிறார்கள். "அவர் எனக்கு இவ்வளவு செய்திருக்கிறார், எப்படி மறுப்பது" என்ற எண்ணமே பிள்ளையின் வாயை அடைக்கிறது. நன்றியுணர்வை மட்டும் கற்றுக்கொடுத்து இதைக் கற்றுக்கொடுக்காத பயிற்சி, அந்தப் பிள்ளையின் கவசத்தைக் கழற்றிவிடுகிறது. வகுப்பில் இதை இப்படிப் பச்சையாகவே சொல்லுங்கள்: வாங்கிய உதவிக்காக உன் உடம்பையோ, உன் ரகசியத்தையோ, உன் மௌனத்தையோ யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்கிறவர் செய்தது உதவியே இல்லை. சொல்லிவிட்டு, யாரிடம் வந்து பேசலாம் என்று குறைந்தது இரண்டு பேரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்த இருவரில் ஒருவர் இல்லத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.

நோட்டு: தினமுமா, வாரமா

பள்ளி ஆய்வுகளில் இரண்டு வாரம் தினமும் எழுதியது பலன் தந்ததால் பலரும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். இல்லத்தில் அது சீக்கிரம் வற்றிப்போகும். அங்கே ஒரு நாள் அடுத்த நாளைப் போலவே இருக்கும், அதே மணி, அதே வரிசை, அதே பாய். நாலாம் நாளிலிருந்தே நோட்டில் "சாப்பாடு, நண்பர்கள், படிப்பு" என்று மூன்று சொல் விழத் தொடங்கும். சோன்யா லூபோமிர்ஸ்கியும் உடனிருந்தவர்களும் 2005-இல் குறிப்பிட்ட ஆறு வாரச் சோதனையிலும் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. வாரம் ஒரு முறை என்றால் பிள்ளை ஏழு நாளைத் திரும்பிப் பார்த்துத் தேட வேண்டியிருக்கிறது. பயிற்சி என்பது அந்தத் தேடல்தான்.

எழுதுவதில் ஆர்வமுள்ள 15, 16 வயதுப் பிள்ளைகள் சிலர் மட்டும் கேட்டால், ஒரு வாரம் மட்டும் தினமும் எழுதும் முறையைக் கொடுக்கலாம். அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்கள், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று ஒரு வரி. மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் பெரியவர்களிடம் சோதித்தபோது, ஒரு வாரம் மட்டும் செய்த இந்தப் பயிற்சியின் பலன் ஆறு மாதம்வரை தெரிந்தது. இதில் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை என்பதால், நன்றி என்ற சொல்லே கசந்துபோன பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இனி நடைமுறை. ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு. வாரத்துக்கு இரண்டு பக்கம் என்றால் எட்டு வாரத்துக்கு 16 பக்கம் போகும். மீதிப் பக்கங்கள் அவர்களுக்குச் சொந்தம், வரையலாம், கிழிக்கலாம், கேள்வி கிடையாது. எல்லா நோட்டும் ஒரே அட்டையில் இருந்தால் மாறிப்போகும், மாறியதை யாராவது பிரித்துப் படித்துவிடுவார்கள். அதனால் வெவ்வேறு நிற அட்டை, மேலே பெயர் வேண்டாம், அவரவர் அடையாளக் குறி போதும். பூட்டும் அலமாரி ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் நோட்டை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் பிள்ளையே கையெழுத்துப் போட்டு, ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டலாம். சாவி ஆலோசகரிடம் இருக்கட்டும், காப்பாளரிடம் வேண்டாம்.

நேரம் 20 நிமிடம். உட்கார்ந்து அமைதியாக மூன்று, எழுத 12, முடித்து உறையிட ஐந்து. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பார்த்து எழுதுவார்கள், குறைந்தது ஒரு கை நீளம் இடைவெளி விடுங்கள். படுக்கப் போகும் நேரத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள். கிளறிவிட்டது ஏதாவது இருந்தால், விளக்கணைத்த பிறகு அந்தப் பிள்ளை அதோடு தனியாகக் கிடக்கும். வார விடுமுறையின் பகல் வேளை பொருந்தும், ஆனால் உறவினர் பார்க்க வரும் நாள் வேண்டாம். யாருமே வராத பிள்ளைக்கு அன்று எழுத ஒன்றும் இருக்காது, அல்லது ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

இடப் பக்கம் முதலில்: இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது? வலப் பக்கம் பிறகு: எது நன்றாக இருந்தது? இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோபத்தை எழுத இடமில்லாத பிள்ளை, நல்லதை எழுதும்போது பொய் எழுதும். வலப் பக்கத்தில் ஐந்து விஷயம் கேட்க வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும். ஆனால் அந்த ஒன்றை மூன்று கேள்வியால் தோண்ட வேண்டும்: யார் என்ன செய்தார், அதற்காக அவர் எதை விட்டார், அது எனக்கு என்ன ஆயிற்று. "நண்பர்கள்" என்று எழுதுவதற்கும் பின்வரும் வரிகளுக்கும் உள்ள தூரம்தான் பயிற்சி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் காட்டும்: "பின்னக் கணக்கு புரியாமல் அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரன் விளையாடப் போகாமல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். அவனுக்கும் பாதிதான் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தோம்."

"இந்த வாரம் ஒன்றும் இல்லை" என்பதும் செல்லுபடியாகும் பதில் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுத விரும்பாதவர் அதே 20 நிமிடம் வரையலாம், அல்லது அன்றைய நாளை மட்டும் எழுதலாம். எழுத்து சரியாக வராத பிள்ளைக்குப் படமோ ஒற்றைச் சொல்லோ போதும். பெரியவர் ஒருவர் கேட்டு எழுதிக்கொடுத்தால் அது தனி நோட்டாக இருக்காது, மனுவாகிவிடும்.

யாரும் படிக்கப்போவதில்லை என்றால், ஆபத்தில் இருக்கிற பிள்ளையை எப்படிக் கண்டுகொள்வது? நியாயமான கேள்வி. அதற்குத் துண்டுச்சீட்டு வையுங்கள். ஒவ்வொரு வாரமும் முடிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சீட்டு. "பேச வேண்டும்", "இப்போது வேண்டாம்" என்று இரண்டு கட்டம், பெயருக்குப் பதில் ஆலோசகருக்கு மட்டும் தெரிந்த தன் எண், மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எல்லோரும் போடுவதால் யார் உதவி கேட்டார் என்று தெரியாது. "பேச வேண்டும்" என்று வந்த சீட்டுக்கு மறுநாள் முடிவதற்குள் ஆலோசகர் போய்ப் பேசிவிட வேண்டும். இரண்டு முறை தாமதமானால் அதற்குப் பிறகு யாரும் அந்தக் கட்டத்தில் குறியிட மாட்டார்கள். ரகசியத்துக்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றோ வந்து சொன்னால், அதைப் பாதுகாப்புக்கு உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே? எழுத்துப் பிழை திருத்துவதில். சிறந்த நோட்டுக்குப் பரிசு கொடுப்பதில். நன்கொடையாளர் வந்தபோது "பாருங்கள், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்" என்று எடுத்துக் காட்டுவதில். எல்லாவற்றையும்விட மோசம், திட்டும்போது "நோட்டில் நல்லவன் மாதிரி எழுதுகிறாயே" என்று ஒரு வார்த்தை விடுவது. அன்று மாலைக்குள் அது எல்லா அறைக்கும் போய்விடும், அந்த இல்லத்தில் நோட்டுப் பயிற்சி அதோடு முடிந்தது.

கடிதம்: வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம்

தனக்கு உதவிய ஒருவருக்கு விரிவாகக் கடிதம் எழுதி நேரில் படித்துக் காட்டுவது, எல்லா நன்றிப் பயிற்சிகளிலும் உடனடி வேகம் கூடியது. செலிக்மன் குழுவின் ஒப்பீட்டில் முதல் வாரத்தில் மிகப் பெரிய ஏற்றம் தந்தது இதுதான். ஆனால் ஒரு மாதம்வரை நின்றது, மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. ஃப்ரோ குழு 2009-இல் 89 குழந்தைகளிடமும் பதின்ம வயதினரிடமும் செய்து பார்த்தபோது, ஏற்கெனவே உற்சாகம் குறைவாக இருந்தவர்களுக்கே பலன் கூடுதலாகக் கிடைத்தது. இதைப் படித்துவிட்டு, இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம்தான் சரி என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். "உன் வாழ்க்கையில் உனக்கு மிகவும் உதவியவருக்கு எழுது" என்றதும் அந்த முகம்தான் வரும். பிள்ளை "அம்மாவுக்கு" என்று எழுதும். பிறகு பேனா நிற்கும். அந்த ஒற்றைச் சொல்லை அடித்து, மறுபடி அதையே எழுதி, தாளைப் புறங்கையால் மறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் "எழுது, எழுது" என்று தூண்டாதீர்கள். "அம்மா உன்னை நினைத்துக்கொண்டுதான் இருப்பாங்க" என்று தெரியாத ஒன்றை வாக்காகவும் கொடுக்காதீர்கள். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். "இத்தோடு நிறுத்தலாம், மடித்து வைத்துக்கொள்ளலாம், வேறு யாருக்காவது எழுதலாம், எது வேண்டுமானாலும் சரி" என்று மூன்று வழியையும் சொல்லி விட்டுவிடுங்கள். அன்று சாயங்காலம் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

ஆகவே கடிதத்தை எட்டு வார நோட்டு முடிந்த பிறகு, விரும்பிக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். அறிவுறுத்தலையும் மாற்றுங்கள்: "கடந்த ஓராண்டில், நீ இப்போது சந்திக்கக்கூடிய ஒருவர், சின்னதாக ஒன்று செய்து அது உனக்கு முக்கியமாகிப்போனது." ஆசிரியர், பேருந்து நடத்துநர், விளையாட்டுப் பயிற்சியாளர், இல்லத்தில் முன்பு இருந்த அண்ணன், அக்கா என்று ஆள் கிடைப்பார்கள். ஒரே மூச்சில் எழுதவைக்காமல் 10 முதல் 15 நிமிடமாக நான்கைந்து அமர்வில் எழுதட்டும். அனுப்புவதும் படித்துக் காட்டுவதும் பிள்ளையின் விருப்பம். பதில் வராமல் போகலாம் என்பதை அனுப்புவதற்கு முன்பே சொல்லுங்கள். நேரில் படிப்பதாக இருந்தால் கேட்கப்போகிறவரையும் தயார்படுத்துங்கள். "ஐயோ, இதெல்லாம் எதுக்கு" என்று கூச்சத்தில் சிரித்துவிடுகிற பெரியவர்கள் அதிகம். அவருக்குக் கூச்சம், பிள்ளைக்கு அது அடி. கடைசிவரை கேளுங்கள், உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள், அறிவுரை வேண்டாம் என்று மூன்றே விஷயம் சொல்லிவைத்தால் போதும்.

நன்கொடையாளருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தை இதோடு ஒருக்காலும் சேர்க்காதீர்கள். அது நிர்வாக வேலை. அதை நிர்வாகம் தன் கையெழுத்தில் எழுதட்டும்.

வட்டமும் சுவரும்

வட்டம் பார்க்க அழகு. நடப்பதைக் கவனியுங்கள். முதல் பிள்ளை காப்பாளருக்கு நன்றி சொல்லும், ஏனென்றால் காப்பாளர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது பிள்ளை சமையலறையில் இருப்பவர்களுக்குச் சொல்லும். மூன்றாவதிலிருந்து இரண்டில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். மூத்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள். பெயர் ஒரு முறைகூட யார் வாயிலும் வராத பிள்ளை ஒன்று ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கும், அது எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். எட்டு வாரம் எண்ணியிருந்தால் பயிற்சி அதற்குக் கொடுத்தது என்னவென்று நினைத்துப் பாருங்கள்.

செய்தே ஆக வேண்டும் என்றால் ஆறு முதல் எட்டுப் பேர், 15 நிமிடம். தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் அறையில் இருக்கக்கூடாது. "நான் இன்று சொல்லவில்லை" என்பதைக் காரணம் கேட்காமல் ஏற்க வேண்டும். நடத்துகிறவர் முதலில் பேச வேண்டும், அதுவும் ஒரு பிள்ளை செய்த குறிப்பான செயலைச் சொல்லி. யார் பெயர் வரவில்லை என்று மனதுக்குள் கணக்கு வைத்து, அடுத்த வாரத்துக்குள் அந்தப் பிள்ளையிடம் உண்மையான ஒன்றைக் கண்டுபிடிப்பது நடத்துகிறவரின் வேலை. உண்மையில் வட்டத்தைத் திருப்பிப்போட்டால் அது இன்னும் நல்ல பயிற்சி: பணியாளர்கள் பிள்ளைகளுக்கு நன்றி சொல்வது. இல்லத்துப் பிள்ளைகளுக்கு மிக அரிதாகக் கிடைக்கும் அனுபவம் அதுதான்.

நன்றிச் சுவர், நன்றி ஜாடி இரண்டும் சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டாகச் சரி. பதின்ம வயதினருக்கு வேண்டாம். சுவர் இரண்டே வாரத்தில் விருந்தினருக்கான அலங்காரமாகிவிடும். ஜாடிச் சீட்டில் பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும்.

தொடங்கக் கூடாத நேரம், அளக்க ஒரு வழி

இல்லத்துக்குப் புதிதாக வந்த பிள்ளையை முதல் சில வாரம் இதில் சேர்க்க வேண்டாம். இறப்பு, பிரிவு, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதும் வேண்டாம். இன்னொன்று முக்கியம். பிள்ளைகள் புகார் சொல்ல ஒரு வழி, சொன்னால் பதில் வரும் என்ற நம்பிக்கை, இவை இல்லாத இல்லத்தில் நன்றிப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. அங்கே அது வாயை மூடும் கருவியாகத்தான் வேலை செய்யும். முதலில் புகார்ப் பெட்டி, பிறகு நோட்டு.

பலனை அளக்க, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள் கொண்ட நலக் குறியீடு போதும். கடந்த இரண்டு வாரம் மனம் உற்சாகமாக, அமைதியாக இருந்ததா என்பது போன்ற கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மதிப்பெண். கூட்டி நாலால் பெருக்கினால் 100-க்கு வரும். 50-க்குக் கீழே என்றால் ஆலோசகர் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். 28-உம் அதற்குக் கீழும் என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், நோட்டு அதற்கு மாற்றில்லை. முன்னும் பின்னும் எடுத்து, 10 புள்ளி மாறினால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று புள்ளிக்கு மகிழ வேண்டாம். தாளில் பெயருக்குப் பதில் எண், அந்த எண் யாருடையது என்பது ஆலோசகருக்கு மட்டும். தேர்வு வாரத்தில் எடுத்தால் எண்ணிக்கை பொய் சொல்லும், முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒரே மாதிரியான வாரமாகப் பாருங்கள். எட்டு வாரம் கழித்துக் குழுவின் சராசரி அசையவில்லை என்றால், பயிற்சியை இன்னும் எட்டு வாரம் நீட்டுவதைவிட நிறுத்திவிட்டு அந்த 20 நிமிடத்தை ஆலோசகரின் தனிப் பேச்சுக்குக் கொடுப்பது மேல்.

ஆள் கணக்கு பார்ப்பவர்களுக்கு: 24 பிள்ளைகள் உள்ள இல்லத்தில் வகுப்பை இரண்டு குழுவாக நடத்தினால் மூன்று வகுப்புக்கு மொத்தம் நாலு மணி நேரம். நோட்டுக்கு வாரம் 20 நிமிடம், சீட்டுப் பார்த்துப் பேச வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பேசும் நேரத்தை ஒதுக்க முடியாதென்றால் சீட்டையும் வைக்க முடியாது, சீட்டு இல்லாமல் நோட்டும் வேண்டாம்.

நோட்டு பிள்ளையுடையது. எட்டு வாரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதா, கிழிப்பதா என்பது அவர்கள் பாடு. இல்லத்திலேயே பூட்டி வைக்கச் சொல்கிறவர்களின் உறைகளைப் பிரிக்காமல் வைத்திருந்து, வயது நிறைந்து இல்லத்தை விட்டுப் போகும் நாளில், சான்றிதழ்கள் இருக்கும் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். உறையின் மேல் அந்தப் பிள்ளை போட்ட கையெழுத்து அப்படியே இருக்கிறதா என்று கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.